காயக்கூடாத மண்ணுக்காகக் குவீன்ஸ்டவுன் வரை

போன செவ்வாய்க்கிழமை நான் குவீன்ஸ்டவுனுக்குப் போனது ஒரு டப்பா கறுப்பு மண்ணுக்காக. மண்ணிலுள்ள இரும்பு, மாங்கனீசுத் தாதுக்களின் படிக வடிவங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு வருடமாகிறது. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

படிகம் என்றதும் ஓடிவிடாதீர்கள். நம் செம்மண்ணை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓர் இரும்புத் தாது ஊசி ஊசியாக இருக்கும், இன்னொன்று அறுகோணத் தகடாக இருக்கும். மாங்கனீசுத் தாது கசங்கிய தாள் மாதிரி. குவீன்ஸ்டவுனில் தண்ணீர் கசியும் ஒரு சரிவில் எனக்குக் கிடைத்தது அதிலும் அபூர்வமான வகை. அதன் தாள்களுக்கு நடுவே தண்ணீரும் ஓர் அடுக்காக நிற்கும். காய்ந்தால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், திரும்ப நனைத்தாலும் பிரியாது.

அதைத்தான் நான் முந்தின வெள்ளிக்கிழமை ஓவனில் வைத்தேன். எந்த மண் வந்தாலும் முதலில் நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் காயவைப்பது எங்கள் ஆய்வக வழக்கம். கைப்பழக்கத்தில் மொத்தத்தையும் வைத்துவிட்டேன். பாதியை ஈரமாகவே எடுத்து வையுங்கள் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நானேதான். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம், இரண்டாவது அளவீடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தச் சரிவில் மண் எடுக்க வாங்கிய பழைய அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. இன்னொரு டப்பா எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

லிட்டில் இந்தியாவில் காலை 9.10 ரயில். ஊட்ரம் பார்க்கில் மாறி 9.38க்குக் குவீன்ஸ்டவுனில் இறங்கினேன். கட்டணம் 1.76 வெள்ளி, அதாவது டாலர். அங்கிருந்து சரிவுக்கு 900 மீட்டர், பன்னிரண்டு நிமிட நடை. குடை எடுத்துக்கொள்ளுங்கள், நிழலே கிடையாது.

சரிவு முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தது. வேலியோரம் நின்ற சைட் சூப்பர்வைசர் தமிழர்தான்.

“நேத்துதான் கான்கிரீட் ஸ்ப்ரே பண்ணோம் லா. மழை பெஞ்சா சரியுதுன்னு கம்ப்ளெயின்ட்.”

“ஓரத்துல எங்கயாவது மண்ணு தெரியுதாண்ணே? ஒரு கைப்பிடி போதும்.”

“ஒண்ணும் இல்லம்மா. மண்ணுதானே வேணும்? லாரில நிறைய கிடக்கு, எடுத்துக்குங்க.”

நல்ல மனுஷன். தானே ஒரு பை நிரப்பிக் கொடுத்தார். வெயிலில் காய்ந்து பொடியாகிப்போன மண். அது எனக்கு உதவாது, ஆனாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப்போய் நின்றார்.

மண் எடுக்கப் போகிறவர்களுக்கு: அனுமதி இல்லாமல் எங்கும் தோண்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பா இரண்டு கொண்டுபோங்கள். முதல் நாளே போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் 10.40க்கு அந்தப் பெஞ்சிலிருந்துதான் பேராசிரியரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த மண்ணைப் பற்றிய அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பிறகு, தன் வீடு குவீன்ஸ்டவுனில்தான் என்றும், ஞாயிற்றுக்கிழமை காலைகூட அந்தச் சரிவைத் தாண்டித்தான் நடந்து போனதாகவும் சொன்னார்.