ஆறு கொப்பரைகளும் ஒரு இன்ஜினும்

1938 ஜனவரி 12, புதன்கிழமை, காலை ஏழே கால் மணி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். பையில் ஒரு ஜப்தி நோட்டீஸ், ஒரு பசை டப்பா, ஒரு தூரிகை. அன்று நெஞ்சில் இறங்கிய சளி இன்னும் முழுதாக வெளியேறவில்லை. ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போது நான் மைசூரில், சமஸ்தானத்தின் கடனுதவி இலாகா ஒன்றில் இன்ஸ்பெக்டர். சொந்தத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஹயர் பர்ச்சேஸ் முறையில் இயந்திரம் கொடுப்போம். தவணை தவறினால் திருப்பி எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபைலிலும் ‘வேலை பெறுவோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கும். நேரில் போய்த் தலைகளை எண்ணி அந்தக் கட்டத்தைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

மாரப்பன் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இங்கே கரும்பு போட்டவர். இருந்த ஒரு ஜோடி எருதை விற்று முதல் தவணை கட்டி, எங்களிடம் ஆயில் இன்ஜினும் மூன்று ரோலர் கொண்ட கரும்பு ஆலையும் எடுத்திருந்தார். தவணை முந்நூறு ரூபாய். இரண்டாவது தவணையின் நாள் கடந்துவிட்டது.

“வாங்க சாமி, ஒட்டத்தானுங்க வந்தீங்க? கதவுல வேண்டாமுங்க, இன்ஜின் மேலயே ஒட்டிருங்க. அதுதானுங்க உங்களுது” என்றார்.

கொட்டகையில் புளித்த வாடை. அவர் மனைவி ராமாயி ஒரு குடத்தை என் முன் நகர்த்தினார். “நேத்து பிழிஞ்ச சாறுங்க. மோந்து பாருங்க. இது வெல்லமா ஆகுமுங்களா?”

விஷயம் எளிது. எருது ஆலைகள் ஐந்து பிழிவதை இன்ஜின் ஒன்றே பிழிந்தது. காய்ச்சுவதற்கு அவரிடம் இருந்ததோ ஒரே கொப்பரை. அடுப்பும் கொப்பரையும் இயந்திரம் ஆகாது என்பதால் அவற்றுக்கு எங்களிடம் கடன் இல்லை. காத்திருந்த சாறு புளித்தது. புளித்த சாறு கட்டி பிடிக்கவில்லை.

எண்ணினேன். கொட்டகையில் நான்கு பேர். ஃபைலில் பதினொன்று என்று எழுதியிருந்தது. இன்ஜின் வந்ததும் ஊரார் கரும்பெல்லாம் இங்கே வரத் தொடங்கி, எருது ஆலைகள் ஐந்தும் நின்றுபோயின. அவற்றில் வேலை செய்த இருபது பேர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஃபைலில் கட்டமே இல்லை.

“அந்த அஞ்சு ஆலையிலயும் கொப்பரை சும்மாதானே கிடக்கிறது? கேட்கக் கூடாதா?” என்றேன்.

“கேக்க இவுருக்கு மானம் போயிருமாமுங்க. ஆலையே போவுதுன்னாலும் மானம் இருக்கோணுமாம்” என்றார் ராமாயி.

நோட்டீஸை ஒட்டவில்லை. முப்பது நாள் கெடு என்று அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது என்பது தெரியும். மாரப்பனை அழைத்துக்கொண்டு, நின்றுபோன ஆலைகளில் ஒன்றின் சொந்தக்காரர் புட்டசாமியிடம் கொப்பரை கேட்கப் போனேன். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

“ஏனப்பா மாரப்பா, தாரி தப்பி, வழி தெரியாம வந்துட்டியா?” என்றார். “எருதை வித்துடு, எருதை வித்துடுன்னு எங்களுக்கெல்லாம் புத்தி சொன்னே. இப்போ எங்க ஒலெ பேக்கா, எங்க அடுப்பு வேணுமா உனக்கு?”

மாரப்பன் தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

“அதை விடு. நம்ம பசங்க சொம்பு எடுத்துட்டு வந்தப்போ வேலிக்கு வெளியே நிறுத்தினியே! சர்க்கார் ரூல்ஸ்னு சொன்னே. ஆலெமனைக்கு வந்தவன் வெறும் வாயோட திரும்பினது இந்த ஊர்ல உண்டா? அந்த ரூல்ஸையே கொப்பரைல போட்டுக் காய்ச்சு போ. வெல்லம் வரும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து: பெல்ட்டில் யாரும் சிக்கக் கூடாது என்பதற்காக, இன்ஜின் கொட்டகைக்குள் வெளியார் நுழையக் கூடாது. படித்துக் காட்டியவன் நான். மாரப்பன் பயந்து, களம் முழுவதையும் வளைத்து முள்வேலி போட்டுவிட்டார். கரும்பு ஆலை நடக்கும் நாட்களில் யார் வந்தாலும் சாறு கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஊர் அவரிடம் கோபித்தது இன்ஜினுக்காக அல்ல, அந்த ஒரு சொம்புச் சாற்றுக்காக.

“ஷரத்து கொட்டகைக்குத்தான். சாற்றுக்கு இல்லை” என்று திரும்பும் வழியில் சொன்னேன்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே சாமி” என்றார்.

அன்று மாலையே களத்து வேலியைப் பிடுங்கினார். கொட்டகையைச் சுற்றி மட்டும் மூங்கில் தடுப்பு கட்டினார். மறுநாள் காலை ராமாயி குடத்தோடு பாதையில் நின்று, போனவர் வந்தவருக்கெல்லாம் ஊற்றினார். புட்டசாமி கடைசியாக வந்தார். குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“இஞ்சி கம்மி” என்றார். இரண்டடி போய்த் திரும்பி, “சாயங்காலம் குடத்தை அனுப்பு. ஒலெ பத்த வைக்கிறேன்.”

அந்த வாரத்துக்குள் ஆறு கொப்பரைகளும் கொதித்தன. பிழிவது இங்கே, காய்ச்சுவது அங்கே; வெல்லத்தில் பங்கு பேசிக்கொண்டார்கள். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது மாரப்பன் மைசூருக்கு வந்து முந்நூறு ரூபாயையும் கட்டினார்.

என் மேலதிகாரி திருப்தி அடையவில்லை.

“ஏன் ஓய், ஜப்தி பண்ணச் சொல்லி அனுப்பினா, கெடு குடுத்துட்டு வந்திருக்கீரே! யாரைக் கேட்டுக் குடுத்தீர்?”

“இருபது பேர் சார்…”

“எந்த இருபது? ஃபைல்ல பதினொண்ணுன்னா இருக்கு?”

“அது வேலை கிடைக்கப்போறவா சார். நான் சொல்றது வேலை போனவா.”

“அதுக்குக் கட்டம் இருக்கா?”

“இல்லை சார்.”

“கட்டம் இல்லாததை எதுக்கு எண்ணறீர்?”

அந்த வருட இன்க்ரிமெண்ட் மாதம் மூன்று ரூபாய். அதை நிரந்தரமாக நிறுத்தினார்.

இன்று இலாகாவில் சேரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். இயந்திரத்துக்குக் கடன் கொடுக்கும் முன், அதனால் நிற்கப்போகும் வேலைகளை எண்ணுங்கள். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். நான் தாமதமாகத்தான் எண்ணினேன். இருபது பேரில் பத்தொன்பது பேர் அடுப்படிக்குத் திரும்பினார்கள். தீப் போடும் சிக்கண்ணன் அதற்கு முன்பே மனைவி மக்களோடு குடகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டிருந்தார். இரண்டு முறை ஆள் விட்டு விசாரித்தேன். தகவல் இல்லை. அந்த ஒருவரை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

என் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. 1938 பிப்ரவரி முதல் நான் ஓய்வு பெற்ற 1947 ஜனவரி வரை நூற்றெட்டு மாதம், மாதம் மூன்று ரூபாய் வீதம் முந்நூற்று இருபத்துநான்கு. பென்ஷனில் மாதம் ஒன்றரை ரூபாய் குறைவு; இந்த ஜூலை வரை ஆறு மாதத்துக்கு ஒன்பது. ஆக மொத்தம் முந்நூற்று முப்பத்துமூன்று ரூபாய்.