ஒரு நாள் முழுக்க வேகும் கறி

குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அத்தை, நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் ஊருக்கு வந்தபோது, கனமான ஒரு கரண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பீங்கான், மேலே கண்ணாடி மூடி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கு விசில் கிடையாது என்பதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என்னையும் அழைத்துக்கொண்டு புளியந்தோப்புக்கு மாட்டுக்கறி வாங்கப் போனாள்.

"துண்டு போடாதண்ணா, தொடக்கறிய அப்டியே முழுசா குடு."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து உப்பும் மிளகுத்தூளும் தடவி, தோசைக்கல்லில் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கோடு சட்டியில் வைத்து மூடினாள்.

"சாயங்காலம் வரிக்கும் யாரும் தெறக்கக் கூடாது. கத்தி பட்டாலே பூ மாரி உதிரும் பாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அல்லாரும் குந்தி சாப்டும்போது ஒரு விசயம் சொல்லணும் கண்ணு" என்றாள்.

துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக மூடியைத் திறந்தார்.

"இன்னாம்மா, காலைல வெச்சது இன்னுமா வேவுது?"

"மூடுண்ணா, சூடு பூடும்."

அம்மா ஒருமுறை திறந்து மசாலா இல்லாததைப் பார்த்துக் கவலைப்பட்டாள். பக்கத்து வீட்டு அக்காவும் திறந்து பார்த்தாள். மதியத்துக்கு மேல் வோல்டேஜ் இறங்கி, ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம் என்ற கதியில் சுற்றியது. அத்தை சட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கத்தியால் குத்தினாள். கத்தி பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுண்ணா."

"நீ போயி குந்து, நான் பாத்துக்கறேன்." அப்பாவுக்கு நல்ல பசி, கோபமெல்லாம் இல்லை. கறியை எடுத்துச் சின்னச்சின்னத் துண்டாக வெட்டி, இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டுக் குக்கரில் ஏற்றினார். விசில் வந்ததும் நாங்கள் கைதட்டினோம்.

அவ்வளவு ருசியான கறியை அதற்குமுன் நாங்கள் சாப்பிட்டதில்லை. அப்பா சந்தோஷமாக இருந்தார். "நீ இன்னும் ரெண்டு வருசம் அங்க இருந்தன்னா மாடி எடுத்துடலாம்மா" என்றார். அத்தை என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே, "சரிண்ணா" என்றாள்.

பாத்திரம் கழுவும்போது, என்ன விஷயம் சொல்வதாக இருந்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. டிக்கெட் போடணும், அதான்."

பத்து நாளில் கிளம்பிவிட்டாள். அந்த இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. முடி நரைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். எங்கள் வீட்டுக்கு மாடி இருக்கிறது. அன்றைக்கு அவசரப்படாமல் இருந்திருக்கலாம் என்று அப்பா இப்போது எப்போதாவது சொல்கிறார்.

அந்த முறை கிளம்புவதற்கு முன் அவளுக்குப் பெட்டி அடுக்க உதவியது நான்தான். பழைய போர்வை, சீப்பு, செருப்பு, அங்கே அறையில் மாட்டியிருந்த மாதா படம் எல்லாமே அதில் இருந்தன. லீவில் வருகிறவள் இதையெல்லாம் எதற்குச் சுமந்து வந்தாள் என்று நான் யோசிக்கவில்லை. அவள் போனால்தானே மறுபடி சாக்லேட்டோடு வருவாள் என்று, ஒவ்வொன்றாக மடித்து உற்சாகமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.