தானாக விழுந்தவர்

இங்கிலாந்தின் வடக்கில் நான் இருக்கும் ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "ஆல்ரைட்?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு நிற்க மாட்டார்கள். பஸ் ஓட்டுநர், கடைக்காரர், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பால் கொண்டுவருகிறவர், எல்லோரும் நடந்துகொண்டே கேட்டு, நடந்துகொண்டே போய்விடுகிறார்கள். வந்த புதிதில் ஒருவரை நிறுத்தி, சளி பிடித்திருக்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை என்று விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "ஐ ஆம் ஃபைன்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதில் சீக்கிரமே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

போன குளிர்காலத்தில் வேலை முடிந்து வரும்போது, சாலையில் வெள்ளைக்கோடு போட்ட இடத்தில்தான் கடந்தேன். ஒரு சின்ன கார் நிற்காமல் வந்து இடுப்பில் இடித்தது. கையை ஊன்றி விழுந்தேன். ஓட்டிவந்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. பதறி இறங்கி வந்து, "ஆர் யூ ஆல்ரைட்?" என்றார். நான் எழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு, "ஐ ஆம் ஃபைன், ஐ ஆம் ஃபைன்" என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். என்னிடம் வாங்கிய பதிலோடு காரில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் மணிக்கட்டு திரும்பவில்லை என்று தெரிந்தது. எலும்பு முறிந்திருந்தது.

சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் புஷ்பா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "கேஸ் போடும். உம்மட பிழை இல்லையே" என்றார். அந்த அம்மா பாவம் என்றேன். "அந்த மனுசி தன்ர காசைத் தரப்போறாவே? இன்சூரன்ஸ்தான் குடுக்கும். அதுக்குத்தானே ஆண்டாண்டாய்க் கட்டுறது" என்றார். என் மனம் அங்கே இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துப் பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வாய்க்கால் கரைச் சாலையில் நின்றது.

என் அக்கா வசந்தாவின் கணவர் கலியமூர்த்தி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்துவந்தார். எனக்கு அடிபட்டதற்கு முந்தின வருடம், உர மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகும்போது, வளைவில் வந்த லோடு வேன் அவரை அடித்துவிட்டது. ஓட்டியவன் சரவணன், பக்கத்து ஊர்க்காரன். அவன் ஓடிவிடவில்லை. மாமாவைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போகிற வழியெல்லாம், "அண்ணே, என்னைக் காட்டிக் குடுத்துறாதீங்க. வீட்ல புள்ளத்தாச்சி இருக்கா. ஓனர் வேலைய விட்டுத் தூக்கிருவாரு" என்று அழுதிருக்கிறான். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மாமா சொன்னார்: "வழுக்கி விழுந்துட்டேங்க. தானா விழுந்ததுதான்."

போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். சரவணனின் அப்பா வீட்டுக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, வைத்தியச் செலவுக்குக் கொஞ்சம் வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. கேஸ் என்றால் ஒருத்தன் குடியைக் கெடுப்பது என்றுதான் எங்களுக்குத் தெரியும். காலைக் காப்பாற்ற முடியாமல் முழங்காலுக்கு மேல் எடுத்தபோதும், யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

புஷ்பா அக்கா விடவில்லை. சொலிசிட்டர் என்கிற ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். எதிர்க்கடைக்காரர் குறித்துவைத்திருந்த நம்பரை வைத்துக் கண்டுபிடித்த காரின் இன்சூரன்ஸ் கம்பெனி, அடிபட்டவரே அந்த இடத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாரே என்று பதில் அனுப்பியது. சொலிசிட்டர் இளம்பெண். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டாள். "கேட்டார்கள், சொன்னேன்" என்றேன். என் ஆங்கிலம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, அதே கேள்வியை மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் திரும்பக் கேட்டாள். நானும் அதே பதிலை மெதுவாகச் சொன்னேன். கடைசியில் எதிர்க்கடையின் கேமராதான் எனக்காகப் பேசியது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாவை ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். என்னோடு பேசக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று சொலிசிட்டர் விளக்கினாள். எனக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு பிறகு வந்து சேர்ந்தது. கை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பணம் தருவது இன்சூரன்ஸ்தான் என்ற விளக்கத்தையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு, சம்பா நடவு நேரத்தில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கேஸ் போட்டா டிரைவர் வீட்ல போய்ப் பணம் புடுங்குறதுன்னு நம்ம ஜனங்க நெனைக்கிறாங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனிதாங்க குடுக்கணும். போன காலுக்கு, நின்னுபோன சாகுபடிக்கு, இனிமே ஆகற வைத்தியத்துக்கு, எல்லாத்துக்கும் கேக்கலாம். அது பிச்சை இல்ல, உங்க உரிமை" என்றார். அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "இப்பப் போடலாங்களா?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில மொதல்ல என்ன சொல்றோமோ அதுதாம்மா கடைசி வரைக்கும் நிக்கும். அதுல தானா விழுந்ததா இருக்கு. எஃப்.ஐ.ஆர். இல்ல. வண்டி நம்பரே எங்கயும் இல்ல. மனுப் போடற கெடுவும் தாண்டியாச்சு."

"உண்மையச் சொன்னா?"

"சொல்லிப் பாக்கலாம். அந்த டிரைவர் வந்து சொல்லணும். உங்க வீட்டுக்காரரும், அன்னிக்கு நான் சொன்னது பொய்னு சொல்லணும். அப்பவும் கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் சரவணனின் பைக் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை வந்து, மாமாவைப் பின்னால் உட்காரவைத்து, அவர் விட்டுக்கொடுத்துவிட்ட குத்தகை வயலைக் காட்டிக் கூட்டிவருவானாம். வேறொருவர் உழுதிருக்கும் சேற்றை மாமா கரையிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாராம். வக்கீல் சொன்னதை நான் இரண்டு பேரிடமும் சொன்னேன். சரவணன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் சொன்னா நான் வந்து சொல்றேங்க" என்றான்.

"வேணாம்" என்றார் மாமா. "இவன் நிக்காமப் போயிருந்தா நான் அந்த வளைவுலயே போயிருப்பேன். தூக்கிட்டு ஓடினவனைக் கூண்டுல ஏத்தச் சொல்றியா, மாப்ள?"

அக்கா அதுவரை வாசற்படியில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்களுக்குப் பெரிய மனசு. நான் இல்லேங்கல. அந்த மனசுக்கு நான்தான் ஊரான் வயல்ல குனிஞ்சு நாத்து நடறேன். தானா விழுந்தேன்னு சொன்னீங்களே, கூட யாரு விழுந்தாங்கன்னு பாத்தீங்களா?"

சரவணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமா ஊன்றுகட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத் தாங்காமல், எனக்குக் கிடைத்த பணத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இப்ப வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "இது உன் கைக்குக் குடுத்தது மாப்ள. என் காலுக்கு இல்ல. எனக்கு வேணாம்" என்றார்.

"எனக்கு வேணும்" என்றாள் அக்கா. "எங்கிட்ட குடு, தம்பி. வேணாங்கறதுக்கு எனக்கு வசதி இல்ல." மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், போலீஸில் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். அதனால் யார் குடியும் கெட்டுவிடாது என்று அடித்துச் சொல்ல எனக்குச் சட்டம் தெரியாது. சொல்லாததால் கெட்ட குடி ஒன்றை மட்டும் தெரியும். இங்கே என்னோடு இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு உரிமையெல்லாம் தெரியும். கையில் காசோடு, யாராவது வந்து விசாரிப்பார்களா என்று காத்திருக்கவும் தெரியும்.

திரும்பும் நாளில் திருச்சி விமான நிலையத்துக்குப் போக, பூதலூரில் காலை பாசஞ்சர் வண்டியைப் பிடித்தேன். மாமா ஆட்டோவில் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அக்கா வரவில்லை. அன்று நடவு இருந்தது, ஒருநாள் போகாவிட்டால் அடுத்த வயலுக்குக் கூப்பிட மாட்டார்கள். "தண்டவாளத்த ஒட்டின வயல்தான். ஜன்னலோரமா உக்காரு, பாக்கலாம்" என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். வண்டி ஊரைத் தாண்டியதும் எட்டிப் பார்த்தேன். சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். தலையில் துண்டு, புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தன. எது அக்கா என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி எல்லோருக்குமாக ஆட்டினேன். வண்டிச் சத்தத்துக்கு ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். அது அவள்தானா என்று பார்ப்பதற்குள் வயல் பின்னால் போய்விட்டது.