காற்று கசியும் இடம்

அம்மா இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சொன்னதற்கு என் கார்தான் காரணம் என்று நான் நம்பினேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பானெட்டைத் திறந்துபோட்டு, கையில் ஸ்பானரோடு, யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மறுநாள் கோலாலம்பூரில் அவருக்குக் கீமோ.

போன வாரம் நடந்தது இது. கிள்ளானிலிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன லோரியை முந்தலாம் என்று மிதித்தேன். பாதியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். கார் அப்படியே தளர்ந்துவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கி அமுக்கி உயிரை வாங்கினான். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஓரத்து வழியில் ஊர்ந்துகொண்டே எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

வீடு திரும்பியதும் சொல்லிவிட்டார்.

"இந்தக் காடியில நான் இனிமே ஏற மாட்டேன்."

"சரி, வேற காடி கூப்பிடறேன்."

"தெரியாதவங்க காடியில வாந்தி வந்தா?"

"கோமுட்டர் ரயில்ல போலாமா?"

"அவ்ளோ படி ஏற முடியாது லா. ஒரு வாட்டி போகலைன்னா என்ன ஆயிடும்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அழுகிற ரகம் இல்லை நான். எதையாவது கழற்றிப் பார்க்கிற ரகம்.

டர்போ கார் என்பது வேறொன்றுமில்லை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற வண்டி. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அழுத்திய காற்று வெளியே ஓடிவிடும், இழுவை போய்விடும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் பஞ்சரான சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற கதைதான். காரை முக்க முடியாது என்பதால் சோப்புத் தண்ணீரை அதன் மேல் அடிக்க வேண்டும்.

முதலில் பொறுமையில்லாமல் தெரிந்த கிளிப்பையெல்லாம் முறுக்கினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். அதே புஸ். அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற பெரிய குழாயின் மேல் சந்தேகப்பட்டு, அலைந்து புதுசு வாங்கி வந்து மாட்டினேன். அப்போதும் அதே புஸ். பக்கத்து வீட்டில் லோரி ஓட்டுகிற அண்ணன் கேட் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, வித்துத் தொலைச்சிட்டு ஒரு சின்ன காடி வாங்கு லா."

"அண்ணே, புத்தி சொல்ற நேரத்துல ஒங்க கம்ப்ரெசரக் கொண்டாந்து வைங்க."

சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிளாஸ்டிக் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, டர்போ காற்றை உறிஞ்சும் வாயில் செருகி இறுக்கினேன். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றினார். எங்கோ ஸ்ஸ்ஸ் என்று கேட்டது. சோப்புத் தண்ணீர் அடித்த பெரிய குழாய்களில் நுரையே இல்லை. தலையை உள்ளே விட்டு, கழுத்தைத் திருப்பி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன். பொறுமை போய், கெட்ட வார்த்தை ஒன்றும் வந்தது. கடைசியில் எஞ்சினுக்குப் பின்புறம், மிஞ்சிய காற்றைத் திறந்துவிடுகிற வால்வுக்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாயில் நுரை பொங்கியது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

கழற்றிப் பார்த்தேன். எலி கடித்தால் பிய்ந்திருக்கும். இது உருண்டையாக, ஓரம் கருகி, சூடு வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாட்களில் நான் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்ப்பேன். அம்மா சாமி மேடையில் காட்டிய ஊதுபத்தியோடு வந்து காரை ஒரு சுற்று சுற்றுவார். பிறகு எஞ்சினுக்கும் காட்டி, குழாய்களின் இடுக்கில் அதைச் செருகிவிட்டுச் செருப்பைத் தேடப் போவார். கிளம்பும் அவசரத்தில் நான்தான் பிடுங்கிப் போடுவேன். அது எதன் மேல் சாய்ந்து எரிந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வழியில் ஒன்றும் ஆகக் கூடாது என்று அவர் வைத்த பத்திதான் எங்களை லோரிக்குப் பக்கத்தில் தவிக்க விட்டிருக்கிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அண்ணனிடமும் எலி என்றே சொன்னேன். அதே மாதிரிப் புதுக் குழாய் ஒன்றை வாங்கி மாட்டி, நெடுஞ்சாலைக்குப் போய் மிதித்தேன். கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. வண்டிக்குள் தனியாகக் கத்தினேன், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எலி கடிச்சிருச்சு மா. மாத்திட்டேன். இனிமே நல்லா இழுக்கும்."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"லோரிய முந்துச்சா?"

"ஒண்ணு இல்ல, வரிசையா முந்துச்சு."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

"அது சரியாகாதுன்னு நெனச்சேன்" என்றார். "காடி மேல ஒரு பயமும் இல்ல எனக்கு. அந்த ஊசியக் குத்தி உக்கார வைப்பாங்க பாரு, அதுக்குத்தான். காடி கெட்டுப்போனதால ஒங்கிட்ட சொல்றதுக்கு ஒரு சாக்கு இருந்துச்சு."

கையெல்லாம் கிரீஸ், அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோபா அழுக்காகும் என்று அவரும் திட்டவில்லை. பிரித்த துணியை மடித்து முடித்தார்.

"காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார்.