பாலவாக்கத்திலிருந்து வராத தகவல்

பக்கத்து ஃப்ளாட் சேதுராமன் சார் ஒரு திங்கட்கிழமை காலை கறிவேப்பிலை வாங்கப் போனார். திரும்பி வரவில்லை.

நடந்து மூன்று மாதம் இருக்கும். இந்தப் பத்தியில் வழக்கமாக நான் எழுதுகிற ஆட்டோ மீட்டர், தண்ணீர் லாரி சமாசாரம் இல்லை இது. எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். முடியவில்லை.

மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கும் காய்கறிக் கடைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் ஒரு வருடமாகவே அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. எப்போதோ ரிட்டயரான ஆபீஸுக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸ் எங்கே என்பார். என்னைப் பழைய சகா யாரோ என்று நினைத்துக்கொண்டு, "உங்க டிரான்ஸ்ஃபர் என்னாச்சு?" என்று மாடிப்படியில் நிறுத்தி விசாரிப்பார்.

"இன்னும் ஆர்டர் வரலை சார்."

"வந்துடும், வந்துடும். நான் சொல்லியிருக்கேன்."

இல்லாத என் டிரான்ஸ்ஃபருக்காக நிஜமாகவே கவலைப்பட்டவர்... நல்ல மனிதர்.

அன்று கோயில், குளம், ரயில் ஸ்டேஷன், லஸ் முனை என்று சுற்றினோம். அடையாறு பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்தோம். சாயங்காலம் போலீஸில் புகார் கொடுத்தோம்.

அவருக்கு ஒரே பிள்ளை, முரளி. தி.நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மற்ற கம்பெனிகளுக்கு இன்டர்நெட்டில் பக்கம் அமைத்துத் தருவார்கள். கெட்டிக்காரன். அப்பாவைத் தேட அவனுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. மறுநாளே இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுவிட்டான். மேலே அப்பாவின் படம். கீழே ஒரு ஃபார்ம் – பெயர், ஃபோன், இ-மெயில், எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள். நிரப்பி ஒரு பட்டனை அழுத்தினால் அவனுக்கு மெயிலாக வந்து சேரும். சிநேகிதர்களுக்குச் சொன்னான். அவர்கள் அவர்களுடைய சிநேகிதர்களுக்குச் சொன்னார்கள்.

சில மணி நேரத்தில் தகவல்கள் வரத் தொடங்கின. என்ன தகவல் தெரியுமா? ஒன்றில் வெறும் எழுத்துகள், யாரோ கீபோர்டில் கையை வைத்துத் தேய்த்த மாதிரி. ஒன்றில் கெட்ட வார்த்தை. மூன்றாவதில் பெயர் இல்லை, நம்பர் இல்லை... 'மெரினாவில் பிணம் ஒதுங்கியிருக்கிறது, போய்ப் பாருங்கள்' என்று மட்டும் ஆங்கிலத்தில்.

அதை முரளி வாய்விட்டுப் படிக்கும்போது அவன் அம்மா, கமலா மாமி, தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மெரினாவுக்கு ஓடினோம். ஒரு பிணமும் இல்லை. மீனவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமி என் மனைவியின் கையைப் பிடித்த பிடி, என் மனைவிக்கு ரொம்ப நேரம் வலித்ததாம்.

முரளி வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். முகம் கடுத்திருந்தது.

"இனிமே யாருன்னு சொல்லாம எவனும் எனக்கு எழுத முடியாது சார்."

"எப்படி?"

"ஜாவாஸ்கிரிப்ட்னு ஒண்ணு இருக்கு. ஃபார்மோடயே சேர்த்து எழுதிடலாம். பட்டனை அழுத்தினதும் ஒவ்வொரு கட்டமா சரிபார்க்கும். ஏதாவது காலியா இருந்தா ஒரு பெட்டி குதிச்சு, நிரப்புன்னு சொல்லும். இ-மெயில்ல நடுவுல அந்தச் சுழி எழுத்து இல்லேன்னா, பொய்னு பிடிச்சுடும். அனுப்பவே விடாது."

இப்படி வெளியாளிடம் விளக்குகிற நேரமா அது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவனுக்கு அப்போது பேச வேண்டியிருந்தது. சொல்லிக்கொண்டே எழுதி முடித்தான். அதற்கப்புறம் கெட்ட வார்த்தை வரவில்லை. பிணம் வரவில்லை. 'பாருங்க சார், நின்னு போச்சு' என்றான்.

வியாழக்கிழமை பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் வந்தது. படம், வீட்டு ஃபோன் நம்பர், இன்டர்நெட் பக்கத்தின் முகவரி. காலையிலேயே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. வெகுமதி எவ்வளவு என்று கேட்டவர் ஒருவர். ஆளைக் காட்டுகிறேன், முதலில் பணம் கொடு என்றவர் ஒருவர். ஜோசியர் ஒருவர். முரளி ரிசீவரை வைத்துவிட்டு, அதே லைனில் மோடத்தைப் போட்டு இன்டர்நெட்டில் நுழைந்தான்.

வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அதில் இன்டர்நெட் ஓடினால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு.

"டேய் முரளி, அந்த வயரைக் கழட்டுடா. யாராவது கூப்பிட்டா மணியே அடிக்காதேடா."

"ஃபோன்ல வர்றவா எல்லாம் ஏமாத்தறாம்மா. இதுல வந்தா யாருன்னு நிச்சயமாத் தெரியும். கொஞ்சம் இரு."

மாமி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். முரளி நடுநடுவே வயரைக் கழற்றுவான், மறுபடி மாட்டுவான். மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பான். இல்லை. மறுபடி பார்ப்பான். இல்லை. அன்று பூராவும் அந்த ஃபார்மிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

மறுநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் நேரில் வந்தார். முதலில் என் கதவைத்தான் தட்டினார்.

"பக்கத்து வூட்டுக்கு ஃபோன் போட்டுக்கினே கீறோம் சார், எங்கேஜ்டாவே கீது. அதான் வந்தேன்... நீங்க கொஞ்சம் கூட வாங்க."

அவர் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

முந்தின நாள் இருட்டுகிற நேரம், பாலவாக்கம் அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது அவரை ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. யாரோ அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் தெரியாத முதியவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். விடிவதற்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் முரளி, அப்பாவின் முகத்தைப் பார்த்து 'ஆமாம்' என்று தலையசைத்தான். அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தான்.

பதிமூன்று நாள் காரியமும் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். காலமானார் விளம்பரத்தைக் கத்தரித்துக் கையில் வைத்திருந்தார். பெயர் மல்லிகா என்றும், வீடு பாலவாக்கம், தேனாம்பேட்டையில் ஒரு டிராவல் ஆபீஸில் டைப்பிஸ்ட் என்றும் வாசலில் நின்றபடியே மடமடவென்று சொன்னார். நானும் அப்போது அங்கே இருந்தேன். மாமி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நான் ஐயாவைப் பார்த்தேம்மா. புதன்கிழமை சாயந்திரம். பஸ்ஸை வுட்டு எறங்கி வூட்டுக்குப் போய்க்கினு இருந்தேன். தெரு முனையில டீக்கடை கீது. அந்த பெஞ்சுல உக்காந்துகினு இருந்தாரு. எங்க போவணும் ஐயான்னு கேட்டேன். மந்தவெளி பஸ் வரணும்மான்னாரு. பஸ் ஏத்தி வுடறேன், நீ போம்மான்னு கடைக்காரரு சொன்னாரு. நானும் பூட்டேன்."

மாமி கேட்டது ஒன்றுதான்.

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"சாப்ட்டாரும்மா. டீயும் பன்னும். பன்னைத் தொட்டுத் தொட்டு நல்லா சாப்ட்டாரு."

"சக்கரை போட்ட டீயா?"

"ஆமாம்மா..."

"ஆத்துல நான் சக்கரையைக் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்றார் மாமி. அத்தனை நாளில் அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். "போகட்டும், தித்திப்பாக் குடிச்சிருக்கார். வேற என்ன சொன்னார்?"

"'ஆத்துல காத்துண்டிருப்பா, நாழியாயிடுத்து'ன்னு... அதையே சொல்லிக்கினு இருந்தாரும்மா."

மாமி எழுந்து, காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

மல்லிகா குரலைத் தாழ்த்தினார். முரளியைப் பார்த்துப் பேசினார்.

"உங்க கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கத்தான் சார் வந்தேன். மறுநாள் காலையில ஆபீஸ்ல பேப்பரைப் பார்த்தேன். ஐயா படம். ஒடனே ஃபோன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி மறுபடி போட்டேன். அப்புறம் மேனேஜர் சாப்புடப் போனாரு. அவரு மெஷின்ல இன்டர்நெட் கீது. பேப்பர்ல இருந்த மாரியே அடிச்சேன், உங்க பக்கம் வந்துச்சு. பாலவாக்கம், டீக்கடை, எல்லாம் அடிச்சேன். எனக்குத்தான் சார் சரியா அனுப்பத் தெரியல."

முரளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றான்.

"ஒரு பொட்டி வந்துச்சு. வேலிட் ஈ-மெயில் அட்ரஸ் குடுன்னு. எனக்கு ஈ-மெயில் ஏது சார்? இல்லைன்னு அடிச்சேன். மறுபடி அதே பொட்டி. அட்ரஸ்னு கேக்குதேன்னு எங்க ஆபீஸ் அட்ரஸை அடிச்சேன், டோர் நம்பர், தெரு, தேனாம்பேட்டை எல்லாம். மறுபடி அதே பொட்டி. மேனேஜரோடது இருக்கும், ஆனா அவருக்குத் தெரியாம உக்காந்துகினு அவரையே எப்படிக் கேக்கறது? அவரு வர்ற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுட்டேன்."

"அது எப்போ... மத்தியானமா?"

"ஆமா சார். சாயந்திரம் போனதும் டீக்கடையில ஓடிப் போய்க் கேட்டேன். பஸ்ல ஏத்துனா அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்துடறாராம். மத்தியானம் பூரா அந்த பெஞ்சுலதான் இருந்தாராம். நான் பீச் வரைக்கும் தேடினேன், காணோம். இத்தினி பேரு பேப்பர் பாக்கறாங்களே, யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுக்கினேன்... நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல சார், அந்தப் பொட்டி போவவே இல்லை."

எங்கள் தெருவிலேயே இ-மெயில் இருந்தது முரளி ஒருவனுக்குத்தான். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மாமி காபியோடு வந்தார். மல்லிகா குடித்தார். முரளி, "பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்" என்று கூடக் கிளம்பினான். அவன் நடையைப் பார்த்துவிட்டு நானும் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் அவன் சொல்லிவிட்டான். சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை. அந்தப் பெட்டியை எழுதினது நான்தான். ஃபோன் எங்கேஜ்டா இருந்ததும் என்னாலதான்."

மல்லிகாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு மனிதர் இத்தனை நாள் தன் தலையில் சுமந்த பழி தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் கோபம் வராதா? அவர் முரளியின் முகத்தையே பார்த்தார்.

"நீங்க உங்கப்பாவுக்காகத்தானே சார் எழுதினீங்க" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

பிளாட்பாரக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"சார், அந்தச் சரிபார்க்கிற வேலை முழுக்க அவா மெஷின்லயே முடிஞ்சுடும். தேறலைன்னா என் பக்கத்துக்கு ஒண்ணுமே வராது. ஒருத்தர் வந்தா, எழுதினா, முடியாம எழுந்து போனாங்கிற தடயமே இருக்காது. நான் அங்கே உட்கார்ந்து பார்த்துண்டே இருந்தேன் சார்... ஒண்ணும் வரலை, ஒருத்தருக்கும் அக்கறை இல்லைன்னு ஊரைத் திட்டிண்டிருந்தேன்."

அப்புறம் கேட்டான்:

"இவா ஒருத்தர் தேடிண்டு வந்ததால தெரிஞ்சது. இன்னும் எத்தனை பேர் திரும்பிப் போனாளோ?"

அவன் தோளில் கை வைத்து எழுப்பி, வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கவுன்ட்டர்கள் தெரியும். மனுவில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பித் தரும் குமாஸ்தாக்களைப் பற்றி இதே பத்தியில் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்... அந்தக் குமாஸ்தாவுக்குத் தான் திருப்பி அனுப்புகிறவரின் முகமாவது தெரியும். நாம் கெஞ்சலாம். 'சார், அவசரம் சார், ஒரு உயிர் சம்பந்தப்பட்டது' என்று சொல்லலாம். நூறு பேரில் ஒரு குமாஸ்தாவாவது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'என்னய்யா விஷயம்?' என்று கேட்பார். பொய்யர்களைத் தடுக்க முரளி வைத்த கேள்வி நியாயமானதுதான். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் வைத்திருப்பீர்கள், நானும்தான். பதில் இல்லாத நல்லவர் ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அதில் எழுதப்படவில்லை.

மாமிக்கு இன்னும் விஷயம் தெரியாது. சொல்ல வேண்டுமா என்று முரளி என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். சரியா தப்பா, தெரியவில்லை. மாமி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அவருக்குக் கண் சரியில்லை, அதனால்தான் பெயர்களை மட்டும் மாற்றி எழுதத் துணிந்தேன்.

போகும்போது, 'அடிக்கடி வாம்மா' என்று மாமி மல்லிகாவிடம் சொல்லியிருந்தார். பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்தேன். அந்தப் பெண் நிஜமாகவே வருகிறார். முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமைகளில், கொஞ்சம் பூவோடு. மாமி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தை முதலிலிருந்து கேட்கிறார். பெஞ்ச் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, வெயில் அடித்ததா, செருப்பு போட்டிருந்தாரா... மல்லிகாவும் சலிக்காமல் சொல்கிறார். மறுநாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முரளிக்கு மட்டும் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் இருக்கிறது.