சடையப்பன் கடையில் காணாமல் போன குப்பைத்தொட்டி

கடலூர் செம்மண்டலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சடையப்பன், தம் வாழ்நாளில் எவரையும் முழுதாக நம்பியதில்லை என்ற பெருமைக்கு உரியவர். பார்சல் வாங்கிய மசால் தோசையை ஓட்டல் வாசலிலேயே பிரித்து, உள்ளே கிழங்கு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்புவார். ஷேர் ஆட்டோவில் ஏறினால், "பஸ் ஸ்டாண்டு போவுமா?" என்று டிரைவரிடம் கேட்பார். அதோடு விடமாட்டார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்.

தம் கல்யாணத்தன்று தாலியைக் கையில் வாங்கியவர், பக்கத்தில் தலை குனிந்திருந்த முத்தம்மாளின் காதருகே போய், "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எனக்கு என்னா பலகாரம் குடுத்தீங்க?" என்று கேட்டார். "கேசரி" என்று பதில் வந்தது. ஆள் மாறவில்லை என்று உறுதியானதும் முடிச்சுப் போட்டார். அதுவரை மேளக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார்; பிற்பாடு தோள்வலி என்று புகார் சொன்னதாகத் தகவல்.

இந்தக் குணம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. கடலூருக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா படகிலிருந்து மீன் இறக்கும்போது கரையில் கூடைக்குக் காவல் இருந்து வளர்ந்தவர். ஒரு பக்கம் காக்காய், ஒரு பக்கம் வியாபாரி, ஒரு பக்கம் சொந்தத் தாய்மாமன். "மூணு பேரும் வேற எங்கியோ பாத்துக்கினேதான் கிட்ட வருவாங்க" என்பார். பிறகு படித்த பி.காம். மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

அவருடைய கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு புஷ்பவள்ளி. கல்யாணப் பத்திரிகை, கலெக்டருக்கு மனு, கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்வின் எல்லாக் கட்டங்களையும் புஷ்பவள்ளிதான் தட்டச்சு செய்தாள். சடையப்பனுக்குத் தமிழில் அடிக்க வராது. ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்து எங்கே இருக்கிறது என்பதைத் தினமும் புதிதாகக் கண்டுபிடிப்பார். புஷ்பவள்ளி நின்றுவிட்டால் கடை என்பது ஷட்டர் போட்ட நிழற்குடை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவள் போய்விடுவாளோ என்பதுதான் அவருடைய தலையாய சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பெயரும் இருந்தது: மணிவண்ணன். முத்தம்மாளின் தம்பி. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு விஜயதசமியன்று சிதம்பரம் கீழவீதியில் அவன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறப்பதாக இருந்தான்.

"ஏன், அவனுக்கு மளிகைக்கடை வெக்கத் தெரியாதா? என் ஆளை இழுக்கத்தான் இந்தத் தொழில்ல எறங்குறான்" என்றார் சடையப்பன்.

"நீங்கதானங்க அவனைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னீங்க?" என்றார் முத்தம்மாள்.

"படிக்கத்தான சொன்னேன். கடை வெக்கவா சொன்னேன்?"

திறப்பு விழாவுக்குப் போகக் கூடாது, சீர்வரிசை எதுவும் அனுப்பக் கூடாது என்று உத்தரவாயிற்று. முத்தம்மாள் சரியென்று தலையாட்டினார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுதபூஜை. எதிர் ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளை ஸ்டார்ட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். சடையப்பனும் கம்ப்யூட்டரை ஓட விட்டே பூஜை செய்வதென்று முடிவெடுத்தார்.

"சார், ஆஃப் பண்ணிட்டுத் தொடைங்க சார்" என்றாள் புஷ்பவள்ளி.

"அணைச்சி வெச்ச மெஷினுக்கு மாலை போட்டா, செத்தவனுக்குப் போட்ட மாதிரி இருக்கும். நீ பொரிகடலையப் பாரு."

மானிட்டருக்குச் சாமந்தி மாலை சாத்தினார். அது திரையில் முக்கால்வாசியை மறைத்தது. மவுஸை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார். அதன் வலது பட்டனில் சந்தனம், இடது பட்டனில் குங்குமம். சி.பி.யூ.வுக்கு விபூதிப் பட்டை. பூஜை முடிந்ததும், மாலைக்குக் கீழே எட்டிப் பார்த்த மூலையைச் சொடுக்கி புஷ்பவள்ளி கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். மேசைக்கடியிலிருந்து உப்பலான ஒரு வயர்கூடையை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள என்னாம்மா?"

"துணி சார். சிதம்பரத்துல அக்கா வூட்டுக்குப் போறேன்."

சிதம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் சடையப்பனின் காது விறைத்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்து, மாலையை மானிட்டரிலிருந்து எடுத்து சி.பி.யூ.வின் மேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் பச்சைப் புல்மேடு இருந்தது. நீல வானம் இருந்தது. அவற்றின் மேல் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த படங்கள் ஒன்றுகூட இல்லை. அறுவடை முடிந்த வயலைப் போல ஒரே வெறுமை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் புல்மேடு.

அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சி வந்தார். சடையப்பனின் ஊர்க்காரர், மகள் கல்யாணப் பத்திரிகையை அடிக்கக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு மங்கலம்பேட்டை.

"ஆச்சா பங்காளி? சம்பந்தி வூட்டுக்கு இன்னிக்கே மாதிரி காட்டணும்."

"ஒன் பொண்ணு கல்யாணம் காணோம்."

"என்னாய்யா சொல்ற!"

"எல்லாரோடதும் காணோம். நீ நேத்து இந்தப் பக்கம் வந்தியா?"

"வந்தேன். நீதான பொரி குடுத்த?"

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டுச் சடையப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். மகள் கல்யாணத்தைத் தானே திருடி கொளஞ்சிக்கு ஆதாயமில்லை என்பதால், தற்காலிகமாக விடுவித்தார்.

முதலில் புஷ்பவள்ளிக்குப் போன் போட்டார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"எங்கம்மா இருக்க?"

"அக்கா வூட்ல சார்."

"அக்கா வூட்ல நாதஸ்வரம் வாசிக்கிறாங்களா?"

"பக்கத்துல எதோ விசேஷம் சார்." குரல் தணிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "ரீசைக்கிள் பின்ல பாத்தீங்களா சார்? அந்தக் குப்பைத்தொட்டி படம்" என்று கேட்டாள்.

"அதையும் காணோம்!"

போனை வைத்துவிட்டுக் கொளஞ்சியிடம் திரும்பினார். "பொருளை எடுக்கறவன் எடுப்பான். குப்பைத்தொட்டிய எவனாவது எடுப்பானா? அதையும் எடுத்திருக்கான்னா என்னா அர்த்தம்?"

"என்னா அர்த்தம்?"

"எதையும் விட்டு வெக்காத ஆளு. எங்க வூட்டுக்காரி பக்கத்து ஆளு."

அடுத்தது மணிவண்ணன். அவன் குதூகலமாகவே பேசினான். "வாங்க மாமா, கெளம்பிட்டீங்களா?"

"ஸ்கிரீன்ல இருந்த படமெல்லாம் காணோம் மச்சான்."

"அட, அவ்ளோதானா! காலியா இருக்கற எடத்துல மவுஸ வெச்சி வலது பட்டனை அமுக்குங்க மாமா. ஒரு மெனு வரும். அதுல மேல..."

சடையப்பன் போனைத் துண்டித்தார். அவர் முகத்தில் தெளிவு பிறந்திருந்தது.

"நான் இன்னும் வியாதியவே முழுசா சொல்லல. அதுக்குள்ள மருந்தைக் கையில வெச்சிக்கினு உக்காந்திருக்கான். இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அமுக்கித்தான் பாரேன் பங்காளி."

"அவன் சொன்ன பட்டனையா? மிச்சமிருக்கற புல்லும் போயிடும்."

இவ்வாறாக, அரை நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறு சிதம்பரம் பயணமாக வளர்ந்தது. சி.பி.யூ.வைத் தனியே கடையில் விட்டுப்போக அவர் துணியவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் மகள் கல்யாணம் அதற்குள் இருப்பதால் கொளஞ்சியும் கூடவே பஸ் ஏறினார். விபூதிப் பட்டையும் சாமந்தி மாலையுமாக இருந்த பெட்டியைப் பார்த்து, முன்சீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் சாமிங்க இது?"

"சாமி இல்லம்மா. எம் பொண்ணு கல்யாணம் உள்ள மாட்டிக்கிச்சி" என்றார் கொளஞ்சி. அந்த அம்மாள் ஆலப்பாக்கத்தில் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"பெட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் இல்ல. சாட்சி."

"சாட்சிக்கும் போடணும் சார். எடத்த அடைக்குதுல்ல?"

கீழவீதியில் மணிவண்ணனின் கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நாதஸ்வரக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் புஷ்பவள்ளி. சடையப்பனைக் கண்டதும் அவள் கிண்ணம் அந்தரத்தில் நின்றது.

சடையப்பன் அவளைத் தாண்டினார். நேராக உள்ளே போய், புதுக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்தார். பார்த்தவர் அலறினார்.

"பங்காளி, இங்க வா! இதோ இருக்கு என் குப்பைத்தொட்டி!"

கொளஞ்சி குனிந்து பார்த்தார். "ஆமாம்யா. அதேதான்."

"மேல பாரு, மை கம்ப்யூட்டர். எழுதியே வெச்சிருக்கு, என்னோடதுன்னு. இவனோடதா இருந்தா இவன் பேரு இல்ல போட்டிருக்கணும்?"

"நாயந்தான்" என்றார் கொளஞ்சி.

விருந்தாளிகள் வட்டம் கட்டினார்கள். "மாமா, இது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும் மாமா" என்று மணிவண்ணன் சொன்னதைச் சடையப்பன் காதில் வாங்கவில்லை. புஷ்பவள்ளியைச் சுட்டினார்.

"நேத்து வயர்கூடையில வெச்சி எடுத்தாந்தது இந்தப் பொண்ணுதான். துணின்னு சொல்லிச்சி. திருட்டு!"

புஷ்பவள்ளி கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "துணிதான் சார். வேட்டியும் சேலையும். முத்தம்மாக்கா தம்பிக்குச் சீர் குடுத்தனுப்பிச்சாங்க. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. அதான் போன்லயும் மறைச்சேன்."

மணிவண்ணன் உடுத்தியிருந்த வேட்டியின் கரை புதிதாக மின்னியது. ஒரு சதி நடந்துதான் இருந்தது. ஆனால் சடையப்பன் பிடிக்க வந்த சதி அதுவல்ல. அவர் சற்றுத் தடுமாறினார், பிறகு, "அப்போ பொட்டியில இருந்தது எங்க?" என்று அடுத்த கேள்விக்குத் தாவினார்.

மணிவண்ணன் சி.பி.யூ.வை வாங்கித் தன் மானிட்டரில் இணைத்தான். புல்மேடு வந்தது. வலது பட்டனை அழுத்தினான். வந்த மெனுவில் முதல் வரியைத் தொட்டான். பக்கவாட்டில் இன்னொரு மெனு விரிந்தது. அதில் ஒரு சொடுக்கு. படங்கள் எல்லாம் அவரவர் இடத்தில் வந்து நின்றன, குப்பைத்தொட்டி உட்பட.

"எதுவும் போவல மாமா. மறைச்சி வெக்கற பட்டன் தட்டுப்பட்டிருக்கு. நேத்து மவுஸ யாரு தொட்டா?"

"நாந்தான் தொடைச்சேன். பொட்டு வெச்சேன்."

"மெஷின் ஓடிக்கிட்டா இருந்திச்சி?"

சடையப்பன் வாழைமரத்தைப் பார்த்தார். கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

புஷ்பவள்ளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தன் பழைய கம்ப்யூட்டரில் கொளஞ்சியின் பத்திரிகையைத் திறந்து, மணிவண்ணனின் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து நீட்டினாள். கொளஞ்சி விரல் வைத்துப் படித்து, மகள் பெயரைக் கண்டதும் மூச்சு விட்டார்.

"நாளைலேந்து நான் வரல சார்" என்றாள் புஷ்பவள்ளி.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்று மணிவண்ணன் பதறினான். "போன மாசம் இவுங்கள இங்க வர்றீங்களான்னு கேட்டேன். 'நான் வந்துட்டா சாரு கடைய மூடிடுவாரு, பாவம்'னு சொல்லி முடியாதுன்னுட்டாங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேளுங்க மாமா. வந்துருவாங்க."

எல்லாரும் சடையப்பனைப் பார்த்தார்கள். புஷ்பவள்ளியும் பார்த்தாள். ஒரு சொல் போதும், கடை பிழைத்துவிடும். சடையப்பன் வாயைத் திறந்தார்.

"அப்போ போன மாசமே நீ கேட்டிருக்க!"

புஷ்பவள்ளி எழுந்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய் நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் சடையப்பன் உற்சாகமாகவே இருந்தார். "அவன் இழுத்துடுவான்னு நான் எப்பலேந்து சொல்லிக்கினு இருக்கேன்? யாராவது கேட்டீங்களா?" என்று கொளஞ்சியிடம் கேட்டார். கொளஞ்சி பத்திரிகையை மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். வீட்டில் முத்தம்மாளிடமும் அதையே சொன்னார். முத்தம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பு ஊற்றாமல் உள்ளே போனார்.

மறுவாரம் 'ஆபரேட்டர் தேவை' என்று கடையில் அட்டை தொங்கியது. வந்தவர்களிடம் சடையப்பன் தமிழ் அடிக்க வருமா என்று கேட்கவில்லை. "சிதம்பரத்துல ஒனக்கு யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்டார். சித்தி இருக்கிறாள் என்றவளை அனுப்பினார். அண்ணன் இருக்கிறான் என்றவளையும் அனுப்பினார். கடைசியாக வந்த மோகனப்பிரியா, "எனக்குச் சிதம்பரத்துல யாருமே இல்ல சார்" என்றாள்.

சடையப்பன் அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கடலூர்ல பொறந்துட்டுச் சிதம்பரத்துல ஒருத்தர்கூட இல்லியா? யார்கிட்ட கதை வுடுற? போய்ட்டு வாம்மா."