கண்ணுக்கென்று சொல்லிப் புறப்பட்ட காலை

என் மகளின் மகள் உயர்தர வகுப்பில் பயில்பவள். சென்ற ஆண்டின் மழைக்காலத்தில் அவள் உறக்கத்தை இழந்தாள். பின்னர் உணவை வெறுத்தாள். ஈற்றில் புத்தகங்களையும் மூடிவைத்தாள். பாடசாலை ஆசிரியை ஒருவர் அறிவுறுத்தியபடி மகள் அவளை யாழ்ப்பாண நகரத்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றாள். அதுவும் முச்சக்கர வண்டியின் திரையை இறக்கிவிட்டு, பெருந்தெருவைத் தவிர்த்து ஒழுங்கைகள் வழியாக. சிகிச்சை சில மாதங்கள் தொடர வேண்டும் என்றார் மருத்துவர். பேத்தியோ வீடு திரும்பியதும் சொல்லிவிட்டாள்:

"களவெடுத்த ஆள் மாதிரி ஒளிச்சுக்கொண்டு போறதெண்டால் இனி நான் வரேல்லை, அம்மா."

"நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை ஆர் பதில் சொல்லுறது?" என்று மகள் அழுதாள்.

அடுத்த தவணையன்று மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். "ஆரும் கேட்டால் பிள்ளைக்குக் கண் காட்டப் போறம் எண்டு சொல்லுங்கோ, அப்பா" என்று வாசற் படலை வரை வந்து சொல்லி அனுப்பினாள். என் சொல்லுக்காக வந்த பேத்தி நிலம் பார்த்து நடந்தாள். மருத்துவமனைக்கு இதுவே அவளுடைய இறுதி வருகையாகிவிடுமோ என அஞ்சினேன்.

கொக்குவில் பேருந்துத் தரிப்பிடத்தில் அயல்வீட்டு அம்மையார் நின்றார். எங்கள் ஒழுங்கையில் அவர் அறியாத செய்தி இல்லை. அறிந்த செய்தி அவரிடம் தங்குவதும் இல்லை.

"எங்கை மாஸ்ரர், பேத்தியோடை வெளிக்கிட்டியள்?"

எங்கள் ஊரில் வழியிற் காண்போர் எவரும் கேட்பது அது. விடை கூறாது நகர்தல் பண்பன்று.

"பிள்ளைக்குக் கண் காட்ட."

"அட, நானும் கண் கிளினிக்குக்குத்தான். வாங்கோ, உங்களுக்கும் சேர்த்து நம்பர் எடுத்துத் தாறன்."

வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்த நான் பேருந்து வரும் திசையைப் பார்த்தேன். பேருந்தில் ஏறி அமர்ந்தபின் பேத்தி தலை நிமிர்ந்தாள்.

"அன்ரி, என்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை. நான் மனநலக் கிளினிக்குக்குப் போறன். கன நாளா நித்திரையில்லை, மனம் சரியில்லை."

அம்மையார் அவளைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், உந்த வயதிலை பொய்யும் வடிவாச் சொல்லுறியள்." அவள் பக்கம் திரும்பினார். "அங்கை என்ன பிள்ளை செய்யினம்? ஊசியோ?"

"இல்லை அன்ரி, கதைப்பினம். விழுங்கக் குளிசையும் தந்தவை."

"கதைக்கிறதுக்கு ஒரு டொக்டரோ! என்னை விட்டால் பின்னேரம் வரைக்கும் கதைப்பன். அந்தாள் எழும்பி ஓடும்."

பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். மகள் அருகில் இல்லாமற் போனாளே என்றிருந்தது எனக்கு.

இறங்குகையில் அம்மையார் அவளுடைய கையைப் பற்றினார். "கண்ணுக்குள்ளை மருந்து விட்டால் எனக்கு வழி தெரியாது. உன்ரை அலுவல் முடிய என்னை வந்து கூட்டிக்கொண்டு போ, என்ன?"

நண்பகலில் மனநலப் பிரிவிலிருந்து வெளிவந்தவள், நேரே கண் பிரிவின் வாங்கில் அமர்ந்திருந்த அவரிடம் சென்றாள். கைபிடித்தே ஊர்வரை அழைத்துவந்தாள். ஒழுங்கை முகப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூண்டு பேரும் எங்கை போட்டு வாறியள்?"

"கிளினிக்குக்கு" என்றார் அம்மையார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை.

"அன்ரிக்குக் கண், அண்ணை. எனக்கு மனம் சரியில்லாததுக்கு" என்றாள் பேத்தி.

"ஓமோ? கெதியாச் சுகம் வரட்டும், பிள்ளை" என்றுவிட்டு அவர் வெங்காயம் நிறுக்கத் திரும்பினார்.

மாலையில் வேலை முடிந்து படலையைத் திறந்த மகளிடம், அவள் கேட்குமுன்னரே பேத்தி சொன்னாள்: "அடுத்த முறை அன்ரியோடை பஸ்ஸிலை போறன், அம்மா. நீங்களும் வாறதெண்டால் வாங்கோ."